பதினைந்தாவது மாணவன்

இந்தக் காலத்தில் எவனும் வேலையை முடித்துவிட்டுப் பேசுவதில்லை. முதலில் பேசுகிறான், அப்புறம் படம் ஒட்டுகிறான், அதற்கும் அப்புறம்தான் செங்கல் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறான். எங்கள் ஊர்க் கம்பளிக் கிடங்கின் முன்சுவரை மறைத்து ஒரு படம் தொங்குகிறது. ஐந்து மாடி, முழுக்கக் கண்ணாடி, வாசலில் நீரூற்று. மேலே, மாகாண அரசுப் பல்கலைக்கழகம், எங்கள் ஊர்க் கிளை என்று எழுதியிருக்கிறது. படத்துக்குப் பின்னால் அதே பழைய கிடங்குதான். மழை பெய்தால் இன்னும் ஆட்டு நாற்றம் வருகிறது.

கிளைக்குத் தலைவன் எர்மெக். வெளிநாட்டில் மூன்று வருடம் படித்துவிட்டு வந்தவன். கழுத்தில் டை, காலில் சேறு. இந்த வருடம் கால்நடை மருத்துவம், அடுத்த வருடம் சட்டம், அதற்கடுத்து மனித மருத்துவம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே திரிவான். ஒரு நாள் என் வீட்டுக்கே வந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அத்தா, பதினஞ்சு பேர் இருந்தாத்தான் துறைக்கு அனுமதி. இப்ப பதினாலுதான் இருக்கு. ஒருத்தன் நேத்து மாஸ்கோ பஸ் ஏறிட்டான். வியாழக்கிழமை தலைநகர்லேருந்து குழு வருது."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்? பஸ்ஸைத் துரத்திக்கிட்டு ஓடணுமா?"

"நீங்க சேர்ந்துடுங்க."

டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "எனக்கு எழுபத்தொண்ணுடா."

"வயசு வரம்பே கிடையாது, அத்தா. பள்ளிக்கூடம் முடிச்ச சான்றிதழ் மட்டும் வேணும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அங்கே என் மருமகள் பெர்மெத். அந்தப் பதினாலு பேரில் அவளும் ஒருத்தி. என் மகன் மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறான். இங்கே இரண்டு பிள்ளைகள், நாலு மாடு, போதாததற்கு நான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் தலைநகருக்குப் போய்ப் படிக்க முடியாது. இந்த ஊரில் இல்லையென்றால் அவளுக்குப் படிப்பே இல்லை. போன வசந்தத்தில் என் ஆட்டுக்குட்டிகள் பதினொன்று செத்தன. கால்நடை மருத்துவர் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அன்றைக்கு, "நானே படிச்சுடறேன், அத்தா" என்றாள். இப்போது கழுவுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

சான்றிதழ் என்னிடம் இருந்தது. நான் ஏழாம் வகுப்போடு ஆட்டுக்குப் பின்னால் போனவன். கூட்டுப்பண்ணைக் காலத்தில், மாவட்டத்தில் எல்லோரும் பள்ளி முடித்திருக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. ஓர் அதிகாரி குதிரையில் மேய்ச்சல் மலைக்கு ஏறி வந்து, மேய்ப்பர்கள் நாலு பேருக்கும் முத்திரை குத்தி ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து, புளித்த குதிரைப்பால் குடித்துவிட்டு இறங்கிப் போனார். ஆக, அரசாங்கம் தலை எண்ணும்போது என் தலை உதவுவது இது இரண்டாவது தடவை.

வியாழக்கிழமை கடைசி மேசையில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த பயல் திரும்பினான்.

"அத்தா, பரீட்சையில காட்டுவீங்களா?"

"தாடியைக் காட்டுறேன். பாத்து எழுது."

குழுவின் தலைவி ஒரு அம்மாள். கண்ணாடி, கோப்பு, சிரிக்காத முகம். எர்மெக் ஐந்து மாடியைப் பற்றி ஆரம்பித்தான். இரண்டாம் மாடியிலேயே நிறுத்திவிட்டாள்.

"கட்டடம் இருக்கட்டும். ஆளைக் காட்டுங்க. வகுப்புத் தலைவி பேர் வாசிக்கட்டும்."

வகுப்புத் தலைவி பெர்மெத்தான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எர்மெக் அவளை நியமித்திருந்தான். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பதினாலு பெயர், பதினாலு "இருக்கேன்". அப்புறம் முகம் சிவந்து நின்றுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். எர்மெக்குக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்குத் தோன்றாது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பதினோரு வருடமாக அவள் வாயிலிருந்து கேட்காததால் எனக்குப் பெயர் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

"அப்புறம்?" என்றாள் அந்த அம்மாள்.

"அப்புறம்... எங்க வீட்டுப் பெரியவங்க."

"அது என்னம்மா, குடும்பப் பேரா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாள் பேனாவைத் திறந்தாள். "அப்ப பதினாலுன்னு எழுதிக்கறேன்."

"வாசிம்மா! சும்மா வாசிச்சுடு!" என்று எர்மெக் கெஞ்சினான்.

பெர்மெத் வாயைத் திறந்தாள், மூடினாள். கண் நிறைந்துவிட்டது. படிப்பு போனாலும் போகும், பெயர் வராது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

"மம்பெத்குல்!" என்று எழுந்து கத்தினேன். "நான்தான் அது. இருக்கேன். இவ என் மருமக. கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டா."

அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நிஜமாவே படிக்கவா வந்தீங்க, பெரியவரே?"

"இல்லம்மா. இவ படிக்கணும். அதுக்கு நான் உக்காந்திருக்கேன். ஆனா காகிதம் ஒண்ணும் பொய்யில்ல. எல்லாம் உங்க ஆளுங்க குத்தின முத்திரைதான்."

எர்மெக் சுவரில் சாய்ந்துகொண்டான். அம்மாள் என் சான்றிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் உதடு சிரிப்பில் கோணியது.

"எங்க மாமனார் பேரை பேங்க்ல கேட்டாங்க. நான் அவரோட அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டிட்டு நின்னேன், ஊமை மாதிரி." பதினைந்து என்று எழுதினாள். "ஆனா வருஷம் முடியற வரைக்கும் ஒரு ஆள் குறையக் கூடாது. ஜூன்ல நானே வருவேன். குறைஞ்சா மூடிடுவேன்."

"அப்ப நான்?"

"திங்கக்கிழமை எட்டரைக்கு உடற்கூறு வகுப்பு, பெரியவரே. தாமதமா வராதீங்க."

வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. பெர்மெத் காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

வெளியே படத்துக்கு முன்னால் எர்மெக் பேச ஆரம்பித்தான். "பதினெட்டு வயசுலேருந்து எழுபத்தொண்ணு வரைக்கும் நம்ம கிளையைத் தேடி வர்றாங்க! அடுத்த வருஷம் சட்டம்!"

"கக்கூசுக்குக் கதவு எந்த வருஷம்?" என்று கேட்டேன்.

"அது ரெண்டாம் கட்டம், அத்தா."

தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பெர்மெத் பின்னாலேயே ஓடிவந்து ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் திணித்தாள்.

"இதை எடுத்துட்டுப் போங்க, அத்தா. ஆட்டெலும்பெல்லாம் படம் போட்டிருக்கு."

"ஆட்டெலும்பை எனக்குப் படம் போட்டா காட்டணும்?" என்றேன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

தூறல் பிடித்தது. புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஆட்டுப்பட்டியைப் பார்த்து நடந்தேன். பின்னால் எர்மெக் ஐந்தாவது மாடிக்கு வந்திருந்தான், எல்லோரும் கைதட்டினார்கள். நான் இன்னும் முதல் மாடியையே பார்க்கவில்லை.