பேரம் பேசி எழுதிய விலை

குளிப்பாட்டிக் கிடத்திய அப்பாவின் உடலுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மகள் மீதமிருந்த இரண்டு பொத்தானையும் போட்டுவிட்டுத்தான் எடுத்தாள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இயக்குநர்.

“இந்த நேரத்துல கேக்கக்கூடாதும்மா. அறிக்கை அஞ்சு மணிக்கு அரசாங்கத்துக்குப் போகுது. நீங்க எழுதின பகுதியில மாத்தம் ஒண்ணும் இல்லையே?”

“இல்ல சார். அப்படியே அனுப்பிடுங்க.”

மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. அறிக்கையாவது மண்ணாங்கட்டியாவது என்றிருந்தது. ஆனாலும் எழுதியது அவள்தான். இந்த ஊரில் பன்னிரண்டு வருஷமாக உணவுப்பொருள் விலை பெரிதாக ஏறவில்லை, ஆகவே இங்குள்ள முதியோர் உதவித்தொகையை உயர்த்தத் தேவையில்லை என்று எழுதியிருந்தாள். அந்த விலைகளைச் சேகரித்தவர் வேறு யாருமில்லை, இதோ கட்டிலில் கிடக்கிற அப்பாதான். வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டில் விலை கேட்டு எழுதி நிலையத்துக்கு அனுப்புவது அவர் வேலை. மற்ற ஊர் விலைகளை இரண்டு தடவை சரிபார்க்கிறவள் இதை மட்டும் பார்க்கவில்லை. அப்பா எழுதியதாயிற்றே!

மதியம் மார்க்கெட் பெண்கள் வந்தார்கள். வெங்காயக்காரம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அவளுக்கு எழுபது இருக்கும்.

“என்னா பேரம் பேசுவாரு மனுஷன்! நாப்பதும்பேன். அதெல்லாம் முடியாது, இருபத்தஞ்சும்பாரு. பழைய முப்பதுக்கே இறங்கி வர்ற வரைக்கும் பேனாவைத் திறக்க மாட்டாரு. எங்க வாயால சரின்னு வந்தாத்தான் எழுதுவாரு.”

துக்க வீடென்றும் பாராமல் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மகளும் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

“அந்த முப்பதுக்கு மத்தவங்களுக்கும் குடுப்பீங்களா?”

“நல்லா கேட்டே போ! கட்டுமா எங்களுக்கு? அவரு என்ன வாங்கவா போறாரு? எழுதிட்டுப் போகட்டும்னு சரின்னுடுவோம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த உதவித்தொகை பாதி மாசம்கூட ஓட மாட்டேங்குதும்மா. இல்லாட்டி இந்த வயசுல எதுக்குக் கூடையோட வெயில்ல உக்காருறேன்?”

வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் அம்மா அடுப்படியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமாம்மா, அப்பா பேரம் பேசித்தான் விலை எழுதுவாருன்னு?”

“தெரியாம என்ன? அநியாய விலையை எழுதிவச்சா அதுவே நிலைச்சுப்போயிடும்னு சொல்வாரு. ஊருக்கு நல்லது பண்றதா நெனச்சாரு.”

“அதை நம்பித்தானே நான் விலை ஏறலைன்னு எழுதினேன். இவங்களுக்கெல்லாம் வரவேண்டியது வராமப் போயிடுமேம்மா.”

அம்மா அடுப்பைத் தணித்தாள். “அதை இன்னிக்கா சொல்லணும்? அவர் வீட்டுல கிடக்கறப்பவா? தூக்கிட்டுப் போனப்புறம் சொல்லேன்டி.”

“அறிக்கை அஞ்சு மணிக்குப் போயிட்டா, இன்னும் மூணு வருஷத்துக்கு உதவித்தொகையை யாரும் தொட முடியாதும்மா.”

அம்மா டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

மகளுக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. தான் எப்போதாவது அவரைக் கேட்டாளா என்று நினைத்ததும் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. மூன்று நாளாக வராத அழுகை. முகத்தைக் கழுவிக்கொண்டு போனோடு வாசல் பக்கம் போய் இயக்குநரைக் கூப்பிட்டாள். மணி நாலு இருபது.

“சார், அறிக்கையை நிறுத்துங்க. எங்க ஊர் விலை பூராவும் தப்பு.”

“என்னம்மா சொல்றீங்க? களைப்புல பேசறீங்க. நாளைக்குப் பாத்துக்கலாமே.”

“நாளைக்கு ஆகாது சார். இன்னிக்கே நிறுத்துங்க.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். “அப்படின்னா காரணம் எழுதியாகணும். விலையைத் தப்பா எடுத்தவர் பேரையும் எழுதணும். யாரு?”

அவள் மெதுவாகச் சொன்னாள்.

“கேக்கலைம்மா. விட்டு விட்டு வருது. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

அப்பாவின் பெயரை, அவருடைய அப்பா பெயரோடு சேர்த்து, வாசலில் நின்று உரக்கச் சொன்னாள்.

உள்ளே பேச்சு நின்றது. அப்பாவை எடுத்துப்போக வண்டி வந்துவிட்டது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெங்காயக்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். எதற்காக அந்தப் பெயர் சொல்லப்பட்டது என்று தெரிந்த அம்மா, கடைசியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.