நூற்று இருபத்தேழுக்கு மேல்

சலவைக்கூடத்தின் பழைய புரோகிராமைப் புது கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றும் வேலை அவளுக்குக் கிடைத்ததே அண்ணியால்தான். அங்கே தேய்க்கும் மெஷினில் நிற்பவள் அண்ணி. "என் நாத்தனார் கம்ப்யூட்டர்ல புலி சார்" என்று மேனேஜரிடம் பெருமையடித்து வாங்கிக் கொடுத்தாள்.

புலியும் வேலையை முடித்துக் கொடுத்தது. ஒரு மாதம் ஆவதற்குள், ஆளுக்கு எத்தனை துணி என்று சொல்லும் புது அறிக்கையைப் பார்த்துவிட்டு, நாள் முழுக்கச் சும்மா நிற்பதாகச் சொல்லி அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"தண்ணி குடிக்கக்கூட நகரலடி" என்று அழுதாள் அண்ணி. இவள் ஆறுதல் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "மெஷின் பொய் சொல்லாது அண்ணி. அசதியில உட்கார்ந்திருப்பீங்க, ஞாபகம் இருக்காது."

அதற்குப் பிறகு அண்ணி வாதாடவில்லை. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கத் தொடங்கினாள். டாக்டரிடம் காட்டலாமா என்றான் அண்ணன்.

அண்ணி இடத்துக்கு வேறு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இவளுக்கு மனசு கேட்கவில்லை. மெஷின் பதிந்த கோப்பைப் புது புரோகிராமில் திறந்தாள். மணிக்கு ஒரு பைட். அந்த மணியில் தேய்த்த துணிகளின் எண்ணிக்கை அதற்குள் இருக்கும். அண்ணியின் கணக்கில் வரிசையாகப் பூஜ்யம். ஒரே ஒரு நாள் மட்டும் எண்பது, தொண்ணூறு என்று ஒழுங்காக வந்திருந்தது. அது அண்ணி கையைச் சுட்டுக்கொண்டு, கட்டோடு மெதுவாக வேலை பார்த்த நாள்.

தான் எழுதியதை வரி வரியாகத் திரும்பப் படித்தாள். பழைய மொழியில் ஒரு பைட் இருநூற்று ஐம்பத்தைந்து வரை போகும். புது மொழியிலோ நூற்று இருபத்தேழைத் தாண்டினால் மைனஸில் விழுந்துவிடும். துணி எங்கேயாவது மைனஸில் வருமா, பதிவில் ஏதோ கோளாறு என்று தானே முடிவுகட்டி, மைனஸ் வந்தால் பூஜ்யமாக்கு என்று எழுதி வைத்தவளும் இவள்தான். கூடத்தில் அந்த எண்ணைத் தாண்டும் கை அண்ணியுடையது மட்டும்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி!

மேனேஜருக்கு போன் போட்டு, "தப்பு என்னோடது சார்" என்றாள். அவர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, அண்ணியை நாளைக்கே வரச்சொன்னார். திட்டு வாங்குவது சுலபமாக இருந்தது. அண்ணி இருந்த சமையலறைக்குப் போகத்தான் கால் வரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணி சிரித்தாள். "அப்ப கை வெந்த அன்னிக்கு மட்டும்தான் நான் வேலை செஞ்சிருக்கேனா?"

"மெஷின் பொய் சொல்லல அண்ணி. நான்தான் சொல்லியிருக்கேன்."

"மெஷின் சொன்னத நான் எங்கடி நம்பினேன்? நீ சொன்னியேன்னுதான் நம்பினேன்."

சொல்லிவிட்டு, அணைத்த அடுப்பை மறுபடியும் குனிந்து பார்த்தாள்.