மிசின் ஓடுகிற படம்

பஞ்சலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கமராவில் மிச்சமிருந்தது ஒரேயொரு படத்துக்கான சுருள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் கொழும்பு அரசு போட்ட தடை படச்சுருளையும் விட்டுவைக்கவில்லை. யாழ்ப்பாணம் முழுக்கச் சல்லடை போட்டாலும் இன்னொன்று கிடையாது.

கரவெட்டித் தோட்டங்கள் காய்கின்றன. அதைப் படமாக்கி லண்டனுக்கு அனுப்பினால், அங்குள்ள உதவிச் சங்கம் தோட்டங்களுக்கு மண்ணெண்ணெய் விடச் சொல்லிக் கொழும்பை நெருக்கும். வேலை அவ்வளவுதான். ஆனால் இந்தத் தோட்டக்காரர் சோமசேகரம்?

சலவை வேட்டி. நெற்றி நிறைய விபூதி. சுருண்டுபோன மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே, தண்ணீர் இறைக்கிற மிசின்மேல் கைவைத்து மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"பொறும் தம்பி, ஓட விடுறன்."

"ஐயோ ஐயா, வேண்டாம்! எண்ணெய் இல்லையெண்டு காட்டத்தானே வந்தனான்!"

"ஒரு போத்தில் ஒளிச்சு வைச்சிருந்தனான். படமெடுக்க வந்த இடத்திலை மிசின் செத்துக் கிடந்தால் ஆருக்கு வெக்கம்?"

தடுப்பதற்குள் கயிற்றைச் சுண்டி இழுத்தார். படபடபட! கரும்புகை கிளம்ப, குழாயில் தண்ணீர் கொட்டியது. மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

இதைப் பார்க்கிற லண்டன்காரன் என்ன சொல்லுவான்? 'இவர்களுக்கென்ன குறை?' என்பான். ஊருக்கே வரவேண்டிய எண்ணெய் இந்த ஒரு பல்லிளிப்போடு போய்விடும்!

"நிப்பாட்டுங்கோ ஐயா, உங்களைக் கும்பிட்டன்!"

"ஏலாது. என்ரை மூத்தவன் லண்டனிலை. அவன்ரை கண்ணிலை பட்டால்? அப்பர் கூனிக் கூனித் தண்ணி அள்ளுறதை அவன் ஏன் பாப்பான்?"

மிசின் இருமியது. மறுபடி இருமியது. நின்றே போனது. முதல் பாத்திகூட நனையவில்லை.

"பாத்தீரே! உம்மடை வாயாலை நிண்டுபோச்சு!"

"தம்பியின்ரை வாயாலையோ?" வாளியோடு வந்த மனைவி கமலாவதி சிரித்தாள். "அரைப் போத்திலை நான் எப்பவோ விளக்குக்கு ஊத்திப்போட்டன். இஞ்சரப்பா, 'குறையொண்டுமில்லை' எண்டு மூத்தவனுக்குக் காயிதம் காயிதமாய் எழுதினனீங்கள். அவனும் குறையில்லையெண்டு நம்பிக்கொண்டுதான் இருக்கிறான். இப்ப பாக்கட்டும். தம்பி, என்னை எடும். முகம் வடிவாய்த் தெரியவேணும்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். நிறைந்த வாளியை இழுக்கையில் அவள் முகம் கோணியது.

"விசரி! போன கிழமை முழுக்க இடுப்பு நோவெண்டு கிடந்தனி! விடு, விடெண்டுறன்!"

சோமசேகரம் பாய்ந்துபோய்க் கயிற்றைப் பறித்தார். சலவை வேட்டியில் சேறு அப்பியது. வளைந்த முதுகும் புடைத்த கழுத்து நரம்புமாக இழுத்தவர், கமராவைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? எடுத்துத் துலையுமன்!"

வாளி மேலே வருமுன்னே பஞ்சலிங்கம் அழுத்திவிட்டான்.