தரைமேல் தப்பில்லை

ஜவ்வாது மலையிலேயே வழுக்காத தரை எங்கள் மனநலக் காப்பகத்துப் பெண்கள் வார்டில்தான் இருக்கிறது. ஒரே வருடத்தில் மூன்று நர்ஸ்கள் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று பதிவேட்டில் எழுதினோம். நிர்வாகம் உடனே சொரசொரப்பான டைல்ஸ் பதித்துவிட்டது. உண்மையில் ஒருத்தியும் வழுக்கவில்லை, நோயாளிகள் தள்ளித்தான் விழுந்தோம். அப்படி எழுதினால் காப்பகத்துக்குக் கெட்ட பெயராம், எழுதியவளுக்கு வேலை நீட்டிப்பும் கிடைக்காதாம். அந்த மூவரில் ஒருத்தி அமுதவல்லியாகிய நான். பதினாறு வருட அனுபவம் வேறு. வெட்கக்கேடு.

அடுத்து அடிபட்டவள் செந்தாமரை. மலைக்காரப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். முப்பது பேர் இருக்கும் வார்டுக்குள் காலை மாத்திரை கொடுக்கத் தனியாகப் போனாள். மங்கம்மாள் என்ற நோயாளி எதற்கோ மிரண்டு அவளைத் தள்ளிவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. திருப்பத்தூர் போய் மாவுக்கட்டுடன் திரும்பியவளிடம் மேலாளர் ஆதிநாராயணன் பதிவேட்டை நீட்டினார்.

“வழுக்கி வுழுந்தேன்னு எழுதும்மா. அடுத்த மாசம் உனக்கு வேலை நீட்டிப்பு வருதில்ல?”

செந்தாமரை பேனாவை இடது கையில் வாங்கினாள்.

“அப்டி எழுதினா மறுபடியும் தரையத்தான சார் மாத்துவீங்க?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் கோணல் எழுத்தில் எழுதினாள்: ‘மங்கம்மாள் பயந்துபோய்த் தள்ளினார். அவர்மேல் தப்பில்லை. வார்டில் நான் தனியாக இருந்தேன்.’

“இன்னாம்மா இது? வேலை வோணாமா?”

“வோணும் சார். அதான் எழுதறேன்.”

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பதிவேட்டை இழுத்து, ‘நானும் வழுக்கவில்லை, தள்ளப்பட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முன்பு என்னைப் போலவே பொய் எழுதிய ரஞ்சிதமும் ஈஸ்வரியும் பின்னாலேயே வந்து எழுதினார்கள். ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பலாம். நாலு பேரையும் அனுப்பிவிட்டு வார்டை யார் பார்ப்பது?

பத்தே நாளில் உத்தரவு வந்தது. இனி வார்டுக்குள் எந்த நர்ஸும் தனியாகப் போகக் கூடாது. சந்தவாசல் பக்கத்திலிருந்து புதிதாக இரண்டு பேரை எடுத்தார்கள். செந்தாமரைக்கு வேலை நீட்டிப்பும் கிடைத்தது.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய அன்று அவளோடு வார்டுக்குள் போனவள் நான்தான். மங்கம்மாள் சுவரோரம் ஒடுங்கினார்.

“நான்தான உன் கைய ஒடச்சேன்?”

“பயத்துல தள்ளிட்டீங்கம்மா. இனிமே நாங்க ரெண்டு பேரா வருவோம்.”

“நீயும் பயந்தியா?”

“ரொம்ப.”

மங்கம்மாள் அவளையே பார்த்தார். பிறகு மெல்ல வந்து மாத்திரைக்குக் கையை நீட்டினார். இந்தப் பெண்ணோடு வேலை பார்க்கிறேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.