கூடத்தில் இருபது காவடி

“கிருத்திகைக்கு இவங்க வந்து தங்கும்போது நீங்கள்ளாம் எங்கம்மா படுப்பீங்க?”

வாடகை அதிகாரி இதை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தாலுகா கச்சேரியில் அத்தனை பேர் நிற்கும்போது, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னைப் பார்த்து. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

கோயில் மலையடிவாரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு கெங்கம்மாளுடையது. யுத்தத்துக்கு முன்னாலிருந்தே மாதம் நாலு ரூபாய் வாடகை. யுத்தம் முடிந்த மறு வருஷம் கார்த்திகையில் அவள் வந்து, “மார்கரெட்டு, தையிலேர்ந்து ஒம்போது ரூபா. முடியலன்னா காலி பண்ணிடு. கேட்டுகினு வரிசையா நிக்கறாங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அப்பா அரக்கோணம் ஸ்டேஷனில் கூலி. ஒன்பது ரூபாய் கொடுத்தால் அடுப்பில் பூனைதான் படுக்கும். பக்கத்துக் கிராமமான கே.ஜி.கண்டிகையில் ஒரு குடிசையைப் பார்த்துவிட்டு வந்தார். “கதவு?” என்று அம்மா கேட்டாள். “வெச்சிக்கலாம்” என்றார். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஸ்டேஷனில் யாரோ புதுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். யுத்தத்துக்கு முன் என்ன வாடகையோ, அதற்கு மேல் ரூபாய்க்கு ஓரணாவும் சில்லறையும்தான் ஏற்றலாமாம். அப்பா பயந்துகொண்டே மனுப் போட்டார்.

விசாரணைக்குக் கெங்கம்மாள் ஒரு சாட்சியோடு வந்தாள். கனகம்மாசத்திரத்து மணவாளன். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டத்தோடு வருபவர். நாலு ரூபாய்க்கு விடுகிற வீடா அது என்று அவர் சொல்ல வேண்டும்.

அவரும் மனசாரச் சொன்னார். “கூடம்னா அதாங்க கூடம்! இருவது காவடிய சாத்தி வெச்சிட்டு அத்தினி பேரும் கால நீட்டிப் படுப்போம். காத்து பிச்சிகினு வரும்.”

“எந்தக் கூடம்?” என்றார் அதிகாரி.

“இவங்க இருக்கற கூடந்தாங்க,” என்றாள் கெங்கம்மாள் பெருமையாக. “கிருத்திகைன்னா குடக்கூலிக்காரங்க ஒதுங்கிக் குடுப்பாங்க. எங்கூரு வழக்கம்.”

“சும்மாவா தங்கறாங்க?”

“சும்மாவா!” மணவாளன் சிரித்தார். “தலைக்கு எட்டணா. இந்தக்கா காலணா கொறைக்காது.”

“நைனா, கேட்டதுக்கு மட்டும் சொல்லு,” என்று கெங்கம்மாள் பல்லைக் கடித்தாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அந்த நாட்களில் எங்கே படுப்பீர்கள் என்று அப்பாவைக் கேட்டபோது, “எப்பிடியோ சமாளிச்சிக்குவோமுங்க” என்று அவர் மென்று விழுங்கினார். அதனால்தான் அதிகாரி அதே கேள்வியோடு என்னிடம் திரும்பினார்.

“அடுப்படியில,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“அஞ்சு பேருமா?”

“ஆங். தம்பி வெறகு மேல படுப்பான். ஏசு படத்தையும் கழட்டி எடுத்துக்கினு போயிடுவோம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்காமல் கெங்கம்மாள் பக்கம் திரும்பினார்.

“வாடகைக்கு மேல வேற எதுவும் வாங்கக்கூடாதுன்னு சட்டத்துல இருக்குதும்மா. அவங்க கூடத்த வாங்கி நீங்க காசு பாக்கறதும் அதுல சேர்ந்ததுதான். நாலு ரூபாய்க்கு மேல அஞ்சணா ஏத்திக்குங்க. கூடம் வருஷம் பூரா அவங்களுது.”

வெளியே வந்ததும் கெங்கம்மாள் சாட்சியைப் பிடித்துக்கொண்டாள். “உன்னைக் கூட்டிகினு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“பொய் சொல்லணும்னு நீ சொல்லவே இல்லியேக்கா,” என்றார் மணவாளன். அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

அப்பா வழியெல்லாம் “அஞ்சணா, அஞ்சணா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து சாக்கின் முடிச்சை அம்மா பல்லால் கடித்து அவிழ்த்தாள். குண்டான், கரண்டி, ஈயச் சொம்பு எல்லாம் பழைய இடத்துக்கே போயின. ஒரு மாதமாக எனக்குக் கிடைக்காத தூக்கம், அன்றைக்குப் பட்டப்பகலிலேயே வந்துவிட்டது.

தை பிறந்ததும் கெங்கம்மாள் வாடகைக்கு வந்தாள். அம்மா நாலு ரூபாய் ஐந்தணாவைக் கையில் வைத்தாள். “உக்காருங்கக்கா, காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

அவள் உட்காரவில்லை. கூடத்துக்குள் போய் நின்றாள். தம்பியும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் மல்லாந்து கிடந்தார்கள். கெங்கம்மாள் இருபது காவடியை எண்ணுவதுபோல இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை பார்த்தாள். பிறகு காசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.