ஒரு துண்டு குறைந்த வலை

பல்கலைக்கழக விலங்கியல் துறையில் சிலந்திக் குப்பிகளைப் பராமரிப்பது அவள் வேலை. ஆல்கஹாலில் ஊறும் ஆறாயிரம் குப்பிகள். புனல் வலை கட்டுபவை ஓர் அலமாரியில், விரிப்பு விரித்தாற்போல் நெய்பவை இன்னொன்றில், மூலைமுடுக்கில் சிக்குச் சிக்காய் இழுத்துவிடுபவை மூன்றாவதில். வட்ட வலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சுவர் முழுக்க இடம். எல்லோரும் அவளை 'எட்டுக்கால் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

வளாக வேலியில் சாம்பல் நிற வட்ட வலைச் சிலந்திகள் நிறைய உண்டு. ஒரு காலையில் நடந்து வரும்போதுதான் கவனித்தாள். பாதி வலைகள் முழு வட்டம். மீதி வலைகளில், கேக்கில் ஒரு துண்டு வெட்டி எடுத்தாற்போல இடைவெளி. அதன் நடுவே ஒற்றை இழை, சுருண்ட இலைக்குள் பதுங்கியிருக்கும் சிலந்திவரை போனது. குப்பிகளிலோ இரண்டுக்கும் ஒரே பெயர்ச்சீட்டு.

"காத்துல அறுந்திருக்கும்மா," என்றார் துறைத்தலைவர்.

"நாப்பது வலையிலயுமா சார்? அதுவும் அளவெடுத்த மாதிரி?"

"வலையை வச்சு இனம் பிரிக்க முடியாது. நம்மகிட்ட இருக்கறது பூரா பொட்டை. ஒண்ணுக்கொண்ணு இம்மி வித்தியாசம்தான். ஆண்லதான் வித்தியாசம் தெரியும், கொண்டு வாங்க, பேசலாம்."

ஆண் கடுகளவுதான் இருக்கும், சில வாரமே உயிரோடிருக்கும். ஒரு மாதம் தேடியும் அகப்படவில்லை. துண்டு குறைந்த வலைக்காரி ஒருத்தியின் முட்டைப் பொதியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். பொரியும் குஞ்சுகளில் ஒன்றாவது ஆணாக வளரும் என்று பால்கனியில் நாற்பத்திரண்டு கண்ணாடி டம்ளர், ஒவ்வொன்றின் வாயிலும் வலைத்துணி, தீனிக்கு அழுகிய பழத்தோலில் வளர்த்த ஈக்கள்.

"ஊரெல்லாம் ஒட்டடை அடிக்கறாங்க, நம்ம வீட்டுல வளக்கறோம்," என்றான் பேருந்து ஓட்டும் கணவன். ஆனால் பழத்தோலை அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

ஐந்தாம் வாரம் வேலை முடிந்து வந்தபோது டம்ளர்கள் பளபளவென்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர்களோடு தங்கித் தையல் வேலை செய்யும் நாத்தனார், உதவியாக இருக்கட்டுமே என்று அத்தனையையும் கழுவியிருந்தாள்.

"தூசின்னு நெனச்சேன் அண்ணி..."

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேலிக்கே திரும்பினாள். ஒன்பது நாள் இலை இலையாகப் புரட்டினாள். முழங்கையெல்லாம் முள் கீறல். பத்தாம் நாள் ஒரே ஒரு பொதி கிடைத்தது.

இந்த முறை டம்ளர்களை நாத்தனாரின் தையல் மேசையருகே வைத்தாள்.

"நீயே பாத்துக்கோ. ஊசியில நூல் கோக்கற கண்ணு உனக்கு."

"திரும்ப என்னை நம்பறீங்களா?"

"வேற யாரு இருக்கா? எனக்குக் கோவம் இன்னும் போகல. ஆனா வேலை நடக்கணும்."

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது.

"அண்ணி, எட்டாம் நம்பர் டம்ளர்ல ஒரு பொடியன். மூஞ்சிக்குப் பக்கத்துல ரெண்டு பக்கமும் குத்துச்சண்டை உறை மாட்டின மாதிரி இருக்கு!"

முகத்தருகே உள்ள அந்தச் சிறு கைகள் உப்பினால் அது ஆண், வளர்ந்த ஆண். வழியெல்லாம் அரை ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் துறைத்தலைவர் நுண்ணோக்கியில் பத்து நிமிடம் குனிந்திருந்தார். பெயர்ச்சீட்டிலிருந்த இனத்துக்கான புத்தகத்துப் படத்தில் ஆணின் கை நுனிக் கொக்கி நேராக இருந்தது. இதில் திருகியிருந்தது.

"ரெண்டு இனம்தான்," என்றார். பிறகு தயங்கி, "ஆனா புதுசு இல்லம்மா. ஒத்தைப் பொட்டையை வச்சு இதுக்கு எப்பவோ ஒருத்தர் பேர் வச்சிருக்கார். பின்னாடி வந்தவங்க ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டாங்க."

புதுப் பெயர் வைக்கும் வாய்ப்பு போனது. அவள் முகம் ஒரு கணம் வாடியது.

"பேர் இருந்தா இருக்கட்டும் சார். ஆணை யாரும் பாத்ததில்லையே? வலையை யாரும் எழுதலையே? நாம எழுதுவோம்."

அவர் தாளை எடுத்துக் கட்டுரைத் தலைப்பிட்டு, அதன் கீழே தன் பெயரை எழுதி, பக்கத்தில் அவள் பெயரை எழுதினார்.

"வளத்தது நான் சார். என் பேரு முதல்ல வரட்டும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரண்டையும் அடித்துவிட்டு, வரிசை மாற்றி எழுதினார்.

"கடைசியில நன்றி சொல்ல யாராவது இருக்காங்களா?"

"எங்க வீட்டுத் தையல்காரி," என்றாள்.