நம்ம என்கிற வார்த்தை

அண்ணிக்கு நாக்கில் சனி. நாத்தனார் இதை அன்பாகத்தான் சொல்வாள், ஆனால் நாள் தவறாமல் சொல்வாள். அந்தச் சனிக்குப் பெயர் ‘நம்ம’.

எதை எடுத்தாலும் அண்ணிக்கு ‘நம்ம’தான். எதிர்வீட்டுக் குழந்தை நம்ம குழந்தை, தூரத்தில் வருவது நம்ம பஸ். கணவருக்கு முதுகெலும்பில் தட்டு விலகியபோது, “நம்ம முதுகு எப்போ சரியாகும் டாக்டர்?” என்று கேட்டாள். பாவம், யாரைப் படுக்கச் சொல்வது என்று தெரியாமல் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த முதுகு சிரிக்கிற விஷயமல்ல. கிடங்கில் மூட்டை தூக்குவதை விடாவிட்டால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அண்ணி சலவை அறையில் வேலை பார்த்த ஓட்டலை மூடியபிறகு அந்த மூட்டையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவளுக்கு வேலை கிடைத்தால் அவர் மூட்டையை இறக்கிவைக்கலாம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கவேண்டியதுதான்.

போன இன்டர்வியூவில், “நம்ம கம்பெனிக்கு நான் வந்தா...” என்று அவள் ஆரம்பித்ததுமே எதிரே இருந்த அதிகாரி, “நம்ம கம்பெனியா? எப்போ வாங்கினீங்க?” என்றார். அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேலை. பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கும் நாத்தனார் பயிற்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சமையலறை ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கரண்டியைப் பேனாவாகப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க நிறுவனத்துல ஏன் சேரணும்னு நினைக்கறீங்க?”

“நம்ம ஆஸ்பத்திரியில...”

கரண்டி மேடையில் ‘டங்’ என்று விழுந்தது.

“அண்ணி! அது அவங்க ஆஸ்பத்திரி. ‘உங்க’ன்னு சொல்லுங்க. உங்க ஆஸ்பத்திரி, உங்க மெஷின், உங்க ஆளுங்க.”

“உங்க, உங்க, உங்க,” என்று ஜபம் செய்துகொண்டே அண்ணி துணிக்கு இஸ்திரி போட்டாள்.

இன்டர்வியூ அறையின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. கீழே துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாகச் சுழன்றன, ஈரப் போர்வைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். சோப்பும் நீராவியும் கலந்த வாசனை மேலே வரை வந்தது. ஓட்டல் சலவை அறையின் அதே வாசனை. எதிரே ஆட்களை எடுக்கும் அதிகாரி. பக்கத்தில் சலவைப் பிரிவின் மேலாளர் அம்மா.

அண்ணி நன்றாகவே நடந்துகொண்டாள். கேட்டதற்கு மட்டும் பதில், வாய் நிறைய ‘உங்க’. நாத்தனார் பார்த்திருந்தால் திருஷ்டி கழித்திருப்பாள்.

கடைசியாக மேலாளர் அம்மா கேட்டார்: “கறை போகாத போர்வை ஒண்ணு வார்டுக்குப் போயிடுச்சு. நர்ஸ் சத்தம் போடறாங்க. என்ன பண்ணுவீங்க?”

“அது உங்க தப்புங்க,” என்றாள் அண்ணி பணிவாக. “நீங்க போய் மன்னிப்புக் கேட்கணும்.”

“எங்க தப்பா?” அதிகாரியின் புருவம் நெற்றியின் உச்சிக்கு ஏறியது.

அண்ணிக்குப் பயிற்சியெல்லாம் பறந்துபோனது. “ஐயோ, இல்லைங்க! நம்ம தப்புதான். நோயாளி அந்தப் போர்வையில படுத்திருக்காரு. முதல்ல நாம ஓடிப்போய் மாத்திக் கொடுத்துடணும். யார் கவனிக்காம விட்டதுன்னு அப்புறமா நமக்குள்ள பேசிக்கலாம்.”

சொல்லி முடித்தபிறகுதான் தன் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவளுக்கே கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

“சொல்லி அனுப்பறோம்,” என்றார் அதிகாரி. தெரிந்த பாட்டுதான். வாசல்வரை கூட வந்த மேலாளர் அம்மா அவள் காலைப் பார்த்து ஏதோ சொன்னதற்கும் தலையை ஆட்டிவிட்டு அண்ணி இறங்கிவிட்டாள்.

வெளியே காத்திருந்த நாத்தனாரிடம் அண்ணி உடைந்தே போனாள். “கெடுத்துட்டேன்மா. ‘உங்க தப்பு’ன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒரே நம்ம, நாம, நமக்குள்ள. போதாததுக்கு அந்தம்மா என் செருப்பை வேற குறை சொல்லிட்டாங்க.”

“என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க.”

“‘வரும்போது வழுக்காத ஷூவா போட்டுட்டு வாங்க, நம்ம தரை எப்பவும் ஈரமா இருக்கும்’னாங்க.”

நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நம்ம தரையா? அவங்க வாயாலயே சொன்னாங்களா? அண்ணி, ‘வரும்போது’ன்னா எப்போ வரும்போது?”

அண்ணி ஒரு கணம் திருதிருவென்று விழித்தாள். பிறகு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

“எப்போன்னு சொல்லலையா நான்?” என்று சிரித்தார் மேலாளர் அம்மா. “சார் கையெழுத்துப் போட்டுட்டாரு. திங்கட்கிழமை வந்துடுங்க.”

வீட்டில் கணவர் கிடங்குக்குக் கிளம்ப, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி முந்திக்கொண்டு அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

“வேலை கிடைச்சிடுச்சுங்க. நீங்க போய்ப் படுங்க,” என்றாள். அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். “போதும், எவ்வளவுதான் தூக்கும் நம்ம முதுகு.”

இந்த ‘நம்ம’வுக்கு நாத்தனார் கரண்டியைத் தேடவில்லை.